கிழக்கு வீட்டில் வைத்த மூட்டை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு அந்த வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்தேன். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் நேரத்தைப் பல வருடங்களாக நான்தான் பார்த்து வருகிறேன். எது நடந்தாலும் இடுப்பில் செருகியிருக்கும் கடிகாரத்தை முதலில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் அதனால் வந்தது.

பத்தரை மணிக்கு இண்டூரிலிருந்து தர்மபுரிக்குப் பஸ். தர்மபுரியில் இறங்கி மொரப்பூருக்கு இன்னொரு பஸ். மொரப்பூரில் மாலை ஐந்தே முக்காலுக்குச் சென்னை போகும் ரயில். மறுநாள் நண்பகலுக்குள் என் மகள் பல்கலைக்கழக அலுவலகத்தில் தன்னுடைய மூலச் சான்றிதழ்களைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் மேற்பட்டப் படிப்பிலிருந்து அவள் பெயரை நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், இன்டர்மீடியட் சான்றிதழ், பட்டத்துக்கான தற்காலிகச் சான்றிதழ் எல்லாம் ஒரு தகரக் குழாய்க்குள், அந்தக் குழாய் ஒரு மஞ்சள் துணி மூட்டைக்குள், அந்த மூட்டை பூட்டிய அந்த வீட்டுக்குள். அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான்.

ஏன் வைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

நான் சேலத்தில் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி பெற்றவள். எலுமிச்சம்பழத்தையும் விளக்கையும் வைத்துக் கிரகணம் எப்படி உண்டாகிறது என்று பெண்பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள். ஆனால் கிரகணம் பிடித்திருக்கும்போது என் வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டும் என்னிடம் சண்டையில்லாமல் குடியிருந்தன. என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். யுத்தம் தொடங்கியதும் அவரை வடக்கே மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு வீட்டில் எந்த முடிவும் என் தலையில்தான்.

மகள் தாவரவியலில் பட்டம் வாங்கியதும் மேலே படிக்க விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். விண்ணப்பத்தாளை நான்தான் முதலில் பென்சிலால் நிரப்பினேன். எந்தப் பொருளில் ஆராய்ச்சி செய்ய விருப்பம் என்று ஒரு கேள்வி இருந்தது. ரோஜாப்பூ என்று எழுதினேன். கேட்டால் கௌரவமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் ரப்பரால் அழித்துவிட்டுக் கேழ்வரகு என்று எழுதினாள்.

“இதுக்குப் பட்டணம் போகணுமா? நம்ம வூட்டுக்குப் பின்னாலயே விளையுதே” என்றேன்.

“விளையுதும்மா. ஏன் விளையுதுன்னு யாருக்கும் தெரியாது” என்றாள்.

இடம் கிடைத்தது. சான்றிதழ்களின் நகல்களை மட்டும் கொடுத்து ஜூலையில் சேர்ந்தாள். முதல் மாதக் கடிதங்கள் நான்கு பக்கம் வந்தன. பிறகு இரண்டு பக்கம். பிறகு தபால் அட்டை. கல்லூரியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு அதைப் படித்தால் போதும். இங்கே புரொபஸர் ஒரு புத்தகப் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வா என்கிறாராம். பட்டியலில் பாதி ஜெர்மன் மொழி. கேழ்வரகுத் தண்டைச் சவரக்கத்தியால் கண்ணாடி மாதிரி மெலிதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பார்த்ததைப் படமாக வரைய வேண்டும். வரைந்து கொடுத்தால் ஓரத்தில் ‘மறுபடியும்’ என்று எழுதித் திரும்ப வரும். ஒரே படம் ஒன்பது தடவை திரும்பி வந்ததாக ஒரு அட்டையில் எழுதியிருந்தாள். அந்த அட்டையில் வேறெதுவும் இல்லை.

அக்டோபர் விடுமுறைக்கு வந்தபோது அவள் கழுத்து எலும்பு தெரிந்தது. முதல் மூன்று நாள் தூங்கினாள். நான்காம் நாள் சவரக்கத்தியும் தண்ணீர் ஊற்றிய பீங்கான் தட்டுமாக வாசலில் உட்கார்ந்து கேழ்வரகுத் தண்டைச் சீவத் தொடங்கினாள்.

அப்போதுதான் கிழக்கு வீட்டு அக்கா மோர் கொண்டுவந்தார். ஊரின் கிழக்குக் கடைசியில் அவர் வீடு. அதைத் தாண்டினால் தர்மபுரி சாலை. காடும் கிணறும் உள்ள குடித்தனம். எனக்கு இருபது வருடப் பழக்கம்.

“என்னங்க டீச்சரம்மா, படிக்கப் போன புள்ள சவரம் பண்ணக் கத்துக்கிட்டு வந்திருக்குது?”

“கேவுருத் தண்டுக்குத்தான் பெரியம்மா சவரம்” என்றாள் மகள்.

“ஏங் கண்ணு, அதுக்கு மீச மொளச்சிருக்குதா?”

மகள் சிரித்தாள். அந்த விடுமுறையில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அது. அக்கா போனதும் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். சீவிய துண்டுகளைத் தட்டில் மிதக்கவிட்டுப் பார்ப்பாள், கொட்டுவாள், மறுபடி சீவுவாள். இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. நான் உள்ளே போவேன், வெளியே வருவேன். இவள் திரும்பிப் போவாளா என்ற கேள்வியை வாயால் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மூலச் சான்றிதழ் கேட்ட கடிதம் அந்த வாரம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொரப்பூருக்குப் பஸ் கிடையாது. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்ததுதான், சனிக்கிழமையைப் போலவே திங்கட்கிழமையும் கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. சென்னை கிழக்கே இருக்கிறது. ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போனால் தோஷமில்லை என்று சொல்வார்கள். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறவளுக்கு அது போதும். என் மகளுக்குப் போதாது என்று பட்டது.

அதனால் பரஸ்தானம் வைக்க முடிவு செய்தேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், பயணம் போகிறவரின் சாமானில் ஒன்றைப் போகிற திசையில் உள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு விதி மட்டும் உண்டு. வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பயணம் கெட்டது.

எல்லோரும் ஒரு சேலையை வைப்பார்கள். நானும் சேலை, மஞ்சள், வெற்றிலை, ஒரு பிடி அரிசி என்று கட்டினேன். கட்டிய பிறகு படித்த புத்தி வேலை செய்தது. சேலை எங்கே வேண்டுமானாலும் போகும். இந்தப் பயணம் எதற்காகவோ அதுவல்லவா முன்னால் போக வேண்டும்? முடிச்சை அவிழ்த்துத் தகரக் குழாயையும் உள்ளே வைத்துக் கட்டினேன். வேறொரு எண்ணமும் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன. குழாய் வீட்டை விட்டுப் போய்விட்டால் மகள் மனம் மாற முடியாது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூட்டையோடு கிளம்பியபோது மகள் தலை நிமிராமல் கேட்டாள்.

“எனக்கு முன்னால அது போகுதா?”

“ஆமா.”

“அப்ப அதையே உக்காந்து படம் வரையச் சொல்லு. ஒம்பது தடவ.”

கிழக்கு வீட்டு அக்கா மூட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் மாட்டினார். “எங்க வூட்ல வச்சா எங்க பொறுப்புங்க. திங்கக்கெழம வந்து எடுத்துக்கிட்டுக் கிழக்கால பாத்து நடக்க வேண்டியதுதான்” என்றார்.

திங்கட்கிழமை வந்தோம். பூட்டு தொங்கியது.

எதிர்வீட்டுக்காரர் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா பொறந்த வூடு ஏரியூருங்களே, அங்கிருந்து விடியக்காலம் சேதி வந்துச்சுங்க. அண்ணன் போயிட்டாராம். வண்டி கட்டிக்கிட்டு எல்லாரும் கெளம்பிட்டாங்க.”

“படுத்துக் கிடந்தாரே, பெரியவரா?” என்று கேட்டேன்.

“அவரு இல்லீங்க. சின்னவரு. பொங்கலுக்குப் பொங்கலு அவரக்கா கொண்டாருவாரே, அவரு. ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டாராம்.”

அந்தச் சின்ன அண்ணனை எனக்கும் தெரியும். தங்கை வீட்டுக்கு வந்தால் எனக்கும் ஒரு பை அவரைக்காய் வரும். ஆனால் அன்று என் வாயில் வந்தது வேறு.

“ஒரு மூட்டை… மஞ்சத் துணியில கட்டினது. பாத்தீங்களா?”

“நாலஞ்சு மூட்ட வண்டியில ஏறுச்சுங்க. சாவுக்குப் போறவங்க மூட்டையில என்ன துணின்னு நான் எங்க பாத்தன்?”

ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சாமி படம் தெரிந்தது. பக்கத்தில் ஆணி தெரிந்தது. ஆணியில் ஒன்றும் இல்லை.

துக்கத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். ஏரியூர் மேற்கே. கிழக்கே போக வேண்டிய மூட்டை மேற்கே போய்விட்டது, அதுவும் சாவு வீட்டுக்கு. என் மனம் அந்த அக்காவை என்னென்னவோ சொல்லித் திட்டியது. அண்ணன் செத்த ஒரு பெண்ணைத் திட்டுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் கவலை இல்லை. நெற்றி தளர்ந்து, தோள் இறங்கி, காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி நின்றாள். பூட்டைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் என்னை ஆட்டிவிட்டது. இன்றும் ஏதாவது ஒரு பூட்டிய கதவைப் பார்த்தால் எனக்கு அந்த முகம்தான் வருகிறது.

“விடும்மா. மூட்ட இல்லன்னா நானும் போகல” என்றாள். “நீ வச்ச சட்டம்தான?”

“நேர்ல போய்ச் சொன்னா ஒரு வாரம் தவணை குடுக்க மாட்டாங்களா?”

“அது உன் பள்ளிக்கூடம் இல்லம்மா. வூட்ல மறந்துட்டேன்னு சொல்லிட்டு பெஞ்சு மேல ஏறி நிக்க முடியாது.”

ஏரியூருக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் முழுதும் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது. அவள் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தேன். பெட்டிக்குப் பின்னால் வந்தாள். எனக்காக வரவில்லை, ஊர் பார்க்கிறதே என்று வந்தாள்.

பஸ் பதினொன்றுக்கு வந்தது. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து ஓட்டிய காலம். தர்மபுரியிலிருந்து மொரப்பூர் போகும் பஸ்ஸும் அதே ரகம்தான். ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டு, கிளீனர் பின்னாலிருந்த கரி உலையைக் கிளறத் தொடங்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் எங்களைத் தாண்டி வரிசையாகப் போயின. மாடு போகிற வேகத்தில்கூட எங்களால் போக முடியவில்லையே என்று நான் அந்த வண்டிகளைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சாலையோரத்துப் புல் ஒன்றைப் பிடுங்கி, தண்டை நகத்தால் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு யாரோ திட்டினது போல அதைத் தூக்கி எறிந்தாள்.

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். பிளாட்பாரத்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளை எப்படியாவது பேச வைக்க வேண்டும் போலிருந்தது. ஊறுகாய் பாட்டிலின் மூடி இறுக்கமா என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

“அம்மா, ஒண்ணு சொல்றேன். நீ எழுந்து நடக்கக் கூடாது” என்றாள்.

உட்கார்ந்திருந்தேன்.

“வாரத்துக்கு ஒருத்தர் எல்லார் முன்னாலயும் நின்னு, தான் படிச்சதப் பேசணும். செமினார்னு பேரு. செப்டம்பர்ல என் முறை வந்துச்சு. பதினஞ்சு நிமிஷம் பேசினேன். முடிச்சதும் புரொபஸர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது புத்தகம் சொன்னது, நீ பார்த்தது என்னன்னு. நான் ஒண்ணும் பாக்கல. கண்ண மைக்ராஸ்கோப்புல வச்சா புத்தகத்துல இருக்கற படம்தான் தெரியுது. அதான் அத்தன தடவ திருப்பி அனுப்பறார். அது இப்பதான் புரியுது. ஆனா சரிபண்ண என்னால முடியுமான்னு தெரியல.”

“முடியும்.”

“நீ எதையும் பாக்காமலே சொல்றம்மா. என்ன மாதிரியே.”

பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மடியில் வைத்தாள். புரொபஸர் முகவரி எழுதியிருந்தது. படிப்பை விட்டு விலகிக்கொள்ள அனுமதி கேட்டு, விடுமுறைக்கு வந்த முதல் வாரமே எழுதிவிட்டாளாம். தபாலில் போடத் தைரியம் வராமல் வைத்திருந்தாளாம்.

“இப்ப நேர்லயே குடுத்துடலாம். சான்றிதழும் இல்ல. அவங்களுக்கும் சுலபம்.”

நான் எழுந்து நடந்துவிட்டேன். பிளாட்பாரத்தின் கடைசிவரை போய்த் திரும்பினேன். ஐந்து மணி இருபது. என்ன சொல்லி அவளை ரயிலில் ஏற்றுவது? ஏற்றினாலும் அந்த உறையோடுதானே போவாள்? வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவளுக்கு ஒரு பிள்ளையிடம் சொல்ல ஒரு வாக்கியம் அகப்படவில்லை. ஐந்தரைக்கு சிக்னல் கைகாட்டி இறங்கியது.

அப்போது ஸ்டேஷன் வாசல் வழியாகக் கிழக்கு வீட்டு அக்கா வந்தார். சேலை முழுக்கக் கடலைக்காய்த் தூசி. கால் முட்டிவரை செம்மண். இடுப்பில் மஞ்சள் மூட்டை.

“நல்லவேள. ரயிலு போயிருச்சோன்னு பயந்தே வந்தனுங்க” என்றார்.

“அக்கா, நீங்க ஏரியூர்…” என்று தொடங்கினேன்.

அவர் உள்ளங்கையை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

“சொல்லாதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சரம்மா. விடியக்காலம் ஏரியூரு ஆளு வாசல்ல வந்து நின்னான். அவன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. வாயத் தொறக்காத, அங்கயே நில்லுன்னுட்டு உள்ள போனன். மூட்டைய எடுத்தன். பின்வாசல்ல எங்க வூட்டுக்காரர் இருந்தாரு. நீங்க சேதி கேட்டுக்கிட்டு வண்டி கட்டுங்க, நான் இதக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வர்றன், டீச்சரம்மாகிட்டச் சொல்லிருங்கன்னு சொன்னன். சொல்லலீங்களா?”

“இல்லக்கா.”

“அவரு எந்த நெனப்புல இருந்தாரோ. காதுல வுழுந்தாத்தான தீட்டு? வுழுந்துட்டா நான் இதத் தொட முடியுங்களா? தொட்டதத் தூக்கிக்கிட்டு புள்ள எப்பிடிப் படிக்கப் போவும்? உங்க வூட்டுக்கு எடுத்தாரலாம்னா அது மேற்கால திரும்புன மாதிரி. ரயிலுக்கு வரத்தான போறீங்க, அதுக்கு முன்னால போயிரலாம்னு தர்மபுரிக்கு நடந்துட்டன். அங்க ஒரு கடலக்கா வண்டி கெடச்சுது. மேட்டுல உங்க பஸ்ஸு நின்னுச்சுன்னு வண்டிக்காரரு சொன்னாரு. நான் மூட்ட மேல தூங்கிட்டனுங்க.”

ஏறக்குறைய முப்பது மைல். அவர் பிறந்த வீட்டில் யார் செத்தார் என்று எனக்குக் காலையிலேயே தெரியும். என் மகளுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காக ஒரு பகல் முழுதும் யாரிடமும் முகம் கொடுக்காமல் வந்திருக்கிறார். இந்நேரம் ஏரியூரில் எடுத்திருப்பார்கள்.

மகள் எழுந்து இரண்டு கையாலும் மூட்டையை வாங்கினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அழுதால் சேதி சொன்னதாகிவிடும் என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்து, அவர் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் பார்த்தாள்.

“என்ன கண்ணு, என்னையும் சவரம் பண்ணிப் பாக்கப் போறயா?” என்றார் அக்கா.

ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் கூட்டம். உள்ளே தள்ளி ஏற்றிவிட்டேன். ஜன்னலுக்கு வந்தவள் அந்த உறையை என் கையில் கொடுத்தாள். “நீயே வச்சுக்கம்மா. கிழிச்சுடாத” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அது இன்றும் என் பெட்டியில், அவளுடைய தபால் அட்டைகளோடு இருக்கிறது.

வண்டி நகர்ந்தது. நாங்கள் இருவரும் கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை நின்றோம். கூட்டம் கலைந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானையை உதறித் தூசியைத் தட்டினார். அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொள்ளாமல் அப்படியே விட்டுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“இனி சொல்லுங்க டீச்சரம்மா. பெரியவருதானுங்களே?”